நிரையில் வலி கண்ட பாட்டியை வைத்து மார்தட்டாதீர்கள்!



நம் வீடுகளில் ஒரு கதை உண்டு. சுங்கை சிப்புட்டிலும் புந்தோங்கிலும், தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருடம் ஆன குடும்பங்களிலும் இன்னும் சொல்கிறார்கள். "எங்க பாட்டி காலையில பெரட்டுக்குப் போனா. நிரையை வெட்டி முடிச்சா. பால் எடுக்கிறப்ப வலி கண்டுச்சு. லயத்துக்கு நடந்தே வந்து பொழுது சாயறதுக்குள்ள பிள்ளையப் பெத்துட்டா. இந்தக் காலத்துப் பொண்ணுங்க என்னடான்னா..."

இதைச் சொல்லி மார்தட்டுகிறோமே, ஒரு தடவையாவது யோசித்தோமா? ஒன்பதாம் மாதத்தில் அவள் ஏன் நிரையில் நின்றாள்? வீரத்துக்காகவா? அன்றைக்குப் பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. மழை பெய்தாலே கூலி இல்லாத வேலையில், வயிறு தள்ளிவிட்டது என்று சொன்னால் எந்தக் கிராணி பேர் போடுவார்?

வேலை என்ன லேசானதா? குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியும் முன்பே இருட்டில் இறங்க வேண்டும். நூற்றுக்கணக்கான மரங்கள். தாழ்ந்த வெட்டுக்குக் குனிய வேண்டும், உயர்ந்த வெட்டுக்கு அண்ணாந்து கையைத் தூக்க வேண்டும். வெட்டி முடித்த கையோடு திரும்ப வந்து மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றி, மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். வலி கண்ட இடத்திலிருந்து லயம் எவ்வளவு தூரம் என்று அந்தக் கதையில் யாரும் சொல்வதில்லை. கவனித்திருக்கிறீர்களா? பிழைத்து வந்தவளின் கதைதான் நம்மிடம் வந்திருக்கிறது. வராதவர்களின் கதையை எந்தப் பேத்தி சொல்வாள்?

சட்டம் இல்லாமல் இல்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே பேறுகாலப் பணமும் பிள்ளைக் கொட்டகையும் உண்டு. வெள்ளைக்காரனுக்கு இரக்கம் வந்து எழுதியதல்ல, ஆள் தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காக எழுதியது. ஆனால் தோட்டத்தில் மருத்துவம் எப்படி இருந்தது? 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று முறையான மருத்துவ வசதி! 18 வருடம் கழித்தும் அதைக் கேட்டுத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

சுதந்திரம் வந்தது. கம்பத்துக்குக் கம்பம் அரசாங்க கிளினிக்கும் மருத்துவச்சியும் போனார்கள். நல்ல திட்டம்தான். பிரசவத்தில் தாய் இறப்பது இந்த நாட்டில் வெகுவாகக் குறைந்ததற்கு அதுவும் முக்கியக் காரணம். ஆனால் தோட்டம் தனியார் நிலமாம்! அங்கே சுகாதாரம் முதலாளி பொறுப்பாம்! ஆகவே நம் பெண்களுக்குக் கிடைத்தது ஒரு டிரசரும், லோரி கிடைத்தால் லோரியும். ராத்திரியில் வலி கண்டால் லோரி டிரைவரை எழுப்பி, பெரிய துரையோ கிராணியோ சரி சொல்லி, செம்மண் ரோட்டில் குலுங்கிப் போக வேண்டும்.

பிரசவத்தில் தாய் இறப்பதை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்கள் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைப்பதில் தாமதம். பேறுக்குப் பின் இரத்தம் நிற்காமல் போனால் ஓரிரு மணி நேரத்தில் உயிர் போய்விடும். தோட்டத்தில் முதல் இரண்டு தாமதமும் முதலாளியின் கையில் இருந்தன.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது தோட்டமே இல்லையே" என்பீர்கள். மரம் போனது, நாள் கூலி போனதா? பாட்டி பால் வெட்டினாள். பேத்தி ஈப்போவிலும் கமுண்டிங்கிலும் அதே பாலில் கையுறை செய்யும் ஆலையில் சிஃப்டில் நிற்கிறாள். இல்லையென்றால் குத்தகையாளரிடம் துப்புரவு வேலை. 2020 ஜூன் 2-ஆம் தேதி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் செய்த ஐந்து பேர் கைது செய்யப்பட்டார்களே, நினைவிருக்கிறதா? ஊரார் பிள்ளை பெறும் வார்டைத் துடைப்பவளுக்கு, தன் பேறுகாலத்தில் யார் முதலாளி என்று உறுதியாகத் தெரியாது. பேறுகாலப் பணம் கேட்க, முந்திய ஒன்பது மாதத்தில் அந்த முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் குத்தகை கைமாறினால்? பழையவரா புதியவரா என்று அலைவது அவள் தலையெழுத்து.

2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். அதற்கு முன் 60. வரவேற்கிறோம். ஆனால் 1919-லேயே அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 12 வாரம் என்றது, அதாவது 84 நாள். அதிலும் பேறுக்கு முன் ஆறு வாரம் வேலையை விட்டு நிற்க உரிமை. நம் சட்டத்தில் பேறுக்கு முன் 30 நாளுக்கு மேல் எடுக்க முடியாது. எடுக்கும் ஒவ்வொரு நாளும் அதே 98-லிருந்துதான் கழியும். முன்னால் ஓய்வெடுத்தால் பின்னால் பிள்ளையோடு இருக்கும் நாள் போகும். எந்தத் தாய் முன்னால் எடுப்பாள்? கடைசி நாள் வரை நிற்பாள்!

துண்டு வேலைக்காரிக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. அவளுடைய ஒரு நாள் சம்பளம், முந்திய சம்பளக் காலத்தில் சம்பாதித்ததை வேலை செய்த நாட்களால் வகுத்து வருவது. வயிறு கனத்து கை மெதுவானால் அந்தத் தொகை குறையும், பேறுகாலப் பணமும் கூடவே குறையும். ஆகவே எட்டாம் மாதத்தில்தான் அவள் அதிகமாக ஓட வேண்டும். கர்ப்பிணிக்குப் பாரம் தூக்காத வேலை கொடு என்று அந்தப் பகுதியில் ஒரு வரி கிடையாது. இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே பெண்களை ஆலையிலும் தோட்டத்திலும் வேலை வாங்கக் கூடாது என்ற தடை இருந்தது. விலக்கு வாங்க வழி இருந்த தடைதான், ஆனாலும் இருந்தது. அதையும் 2023-ல் சமத்துவம் என்று எடுத்துவிட்டார்கள்.

வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? பணம் முழுவதும் அந்த ஒரு முதலாளியின் பையிலிருந்து வர வேண்டும். அதனால்தான் கல்யாணமான பெண்ணா, எத்தனை பிள்ளை, இனிமேல் பெறுவாயா என்று நேர்காணலில் கேட்கிறார்கள். பொதுப் பணத்திலிருந்தோ காப்புறுதியிலிருந்தோ கொடுங்கள் என்று 1919 உடன்படிக்கையே சொன்னது. தமிழ்நாட்டில் முதலாளியே இல்லாத ஏழைக் கர்ப்பிணிக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் அரசு பணம் கொடுக்கிறது. நம் பெர்கேசோ ஏன் கொடுக்கக் கூடாது? மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே! ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். தீபாவளி அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டே கேளுங்கள், தப்பில்லை.

அதுவரை, உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதைச் செய்யுங்கள். பேறுக்கு முந்திய 60 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள், நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். சொல்லத் தவறினால் பணம் போய்விடாது, சொல்லும் வரை நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவது 2023 முதல் குற்றம். அப்படிச் செய்தால் சம்பளச் சீட்டுகளோடு ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்குப் போங்கள், புகாருக்கு வக்கீல் தேவையில்லை. 30 நாளுக்கு முன்பே முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் கிளினிக்கில் எம்.சி. கேளுங்கள். வருடத்துக்கு 14 நாள், இரண்டு வருடம் ஆனவர்களுக்கு 18, ஐந்து வருடத்துக்கு மேல் 22. பிங்க் புத்தகமும் ஐ.சி.யும் வேலைக்குப் போகும் பையிலேயே இருக்கட்டும். வலி வேலையிடத்தில் கண்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுக்கு வந்து குளித்து, சாமி கும்பிட்டு, துணி எடுத்துப் போகலாம் என்ற பேச்சு வேண்டாம் (மாமியார்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், துணியை நீங்களே கொண்டு வந்துவிடலாம்). யார் கார், கார் இல்லாத ராத்திரியில் யார் 999 அழைப்பது என்று எட்டாம் மாதமே பேசி வையுங்கள்.

கணவன்மார்களுக்கும் 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன்பே, இல்லையென்றால் பிள்ளை பிறந்த பிறகு கூடிய சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டும். இன்றே போய்ச் சொல்லுங்கள்.