மடகஸ்கார் போகும் நம்ம பிள்ளைகள்: வியாபாரியா, பங்காளியா?

இரத்தினபுரி, கேகாலை உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை வணிகப் பாடத்தில் பங்குடைமை படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "சேர், ஓ.எல். முடிஞ்சதும் நான் மாமாவோட மடகஸ்கார் போறேன். இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1998இல் மடகஸ்காரின் இலகாகாவில் நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டதும், சில குடிசைகள் மட்டும் இருந்த இடம் பட்டணமாகிவிட்டது. அங்கே போய்க் கடை போட்டவர்களில் தாய்லாந்துக்காரரோடு நம்ம ஆட்களும் இருந்தார்கள். அந்தக் கல் இரத்தினபுரிக்கும் பேருவளை சீனன்கோட்டைக்கும் வருகிறது. இங்கே சூடாக்கி, பட்டை தீட்டி, டுபாய் வரைக்கும் போகிறது. அரபு, ஆப்பிரிக்க நாடுகளின் வியாபார உறவு பற்றி மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். நம்ம ஊர் ஆட்கள் அதைக் கைப்பையோடு செய்துகொண்டிருக்கிறார்கள். பெருமைதான்.

ஆனாலும் மனதில் ஒரு உறுத்தல். நாம் மதிக்காத பால் நிற கெவுடாக் கல்லை எழுபதுகளில் தாய்லாந்துக்காரர் மலிவாக வாங்கிப் போய், சூடாக்கி, நீலமாக்கி விற்றார்கள். லாபம் அவர்களுக்கு, குழி நமக்கு. இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறோம். இப்போது மடகஸ்கார்க்காரனுக்கு நாம் யார்? குழிக்குள் இறங்குவது அவன், விலை சொல்வது நாம்.

நம்ம கல் குழியில் இதைவிட நல்ல முறை இருக்கிறது. காணிக்காரர், லைசன்காரர், பம்பு கொடுத்தவர், செலவு போட்டவர், குழியில் இறங்கியவர் என்று எல்லாருக்கும் பங்கு. தோட்டத்துத் தம்பியும் சிங்களச் சகோதரரும் நம்ம ஹாஜியாரும் ஒரே குழியில் பங்காளிகள். ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு என்பதுதான் முழாரபா. கதீஜா நாயகியின் முதலில் ரசூலுல்லாஹ் (ஸல்) ஷாமுக்கு வியாபாரம் போனதும் அப்படித்தான்.

அந்த முறையை ஏன் இலகாகாவுக்குக் கொண்டுபோகக் கூடாது? அங்குள்ளவருக்கும் பங்கு வையுங்கள். வளைகுடாவில் உழைக்கும் நம்ம சகோதரர்களின் சிறு சேமிப்பை, ஒழுங்கான கணக்கோடு, முதலாகச் சேருங்கள். "தொழிலைப் பழக்கிவிட்டால் நம்ம பிழைப்பு போய்விடும்" என்பார்கள். தாய்லாந்துக்காரர் நமக்குப் பழக்கவில்லை, ஆனாலும் கல்லைச் சூடாக்க நாம் பழகிக்கொண்டோம். அவர்களும் பழகத்தான் போகிறார்கள். அன்றைக்கு நம்மைப் பங்காளியாக நினைப்பார்களா, மலிவாக வாங்கிப் போனவனாக நினைப்பார்களா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, எழுத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்வதுதான் குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282). நாமோ வாய்ப்பேச்சில் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்திடம் பஞ்சாயத்துக்கு ஓடுகிறோம்.

அந்தப் பிள்ளையிடம், "போ மகன், ஆனால் சோதனையை எழுதிவிட்டுப் போ. அங்கே மலகாசியும் பிரெஞ்சும்தான் அரச மொழி, கொஞ்சம் பிரெஞ்சும் படி. நாளைக்கு உனக்கும் மாமாவுக்கும் ஒரு பங்குடைமை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வா" என்றேன்.

கொண்டுவந்தான். லாபம் பிரிப்பதை அழகாக எழுதியிருந்தான். நட்டம் வந்தால் யார் தாங்குவது என்ற இடம் வெறுமையாக இருந்தது. "மாமாட்ட கேட்டேன் சேர், அவர் ஒண்ணும் சொல்லல்ல" என்றான்.

பெற்றோரே, பிள்ளையை விமானம் ஏற்றுவதற்கு முன்னால் அந்த இடத்தை நிரப்பிவிடுங்கள்.