வராத லாபத்துக்கு யார் சாட்சி?

செமஸ்டருக்கு ரெண்டே நாள். காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு புண்ணியவான் பைக்கை விட்டு மெஷினை உடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேருக்கு எட்டாயிரம். பில் இருக்கிறது, கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் கடைக்காரர் அதோடு விடுவாரா? 'தம்பி, இந்த ரெண்டு நாள்ல இருபதாயிரம் பார்த்திருப்பேன் தம்பி' என்பார். நம்ம ஆள் சளைக்காமல், 'பார்த்திருப்பேன்னா எப்படிண்ணே? எங்க, காட்டுங்க' என்பார்.

இந்த வார மேட்டர் இதுதான் பாஸ். நடக்காத வியாபாரத்தின் லாபத்தை கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? இந்தச் சண்டை ரொம்பக் காலமாக, ரொம்பக் காரசாரமாக நடந்துவருவது கடலில். கப்பல் ஒரு நாள் சும்மா நின்றாலே சம்பளம், துறைமுகக் கட்டணம், வட்டி என்று பணம் கரையும். வரவு மட்டும் பூஜ்யம்!

முதலில் அமெரிக்கா. ஃபிரெடரிக் வாண்டர்பில்ட் என்கிற பெரும் பணக்காரர் இங்கிலாந்தில் 'கான்கரர்' என்ற உல்லாசப் படகை வாங்கி நியூயார்க் கொண்டுவந்தார். 1891-ல் சுங்க அதிகாரி அதைப் பிடித்து வைத்துக்கொண்டார். வரி கேட்டது தப்பு என்று ஆகிவிட்டது. சரி, படகு முடங்கிக் கிடந்த நாட்களுக்கு? கீழ்க்கோர்ட் 15,000 டாலர் தரச் சொன்னது. 1897-ல் சுப்ரீம் கோர்ட் 'நோ' சொல்லிவிட்டது. சொந்தமாகச் சுற்றுவதற்காக வைத்திருந்த படகு அது, வாடகைக்கு விட்டதே இல்லை. 'விட்டிருந்தால் இவ்வளவு வரும்' என்று விஷயம் தெரிந்தவர்கள் வந்து சொன்னால் மட்டும் போதாது. லாபம் உண்மையிலேயே போயிருக்க வேண்டும், எவ்வளவு போனது என்பதும் நியாயமான அளவுக்கு நிச்சயமாகத் தெரியவேண்டும். வாண்டர்பில்ட்டே ஆனாலும் கணக்கு கணக்குதான்!

இங்கே சிக்கியது படகு. ஆனால் மோதி உடைந்த சரக்குக் கப்பலுக்கும் இதே அளவுகோல்தான். அப்போ எதைக் காட்டணும்? கையில் இருந்து நழுவிய ஒப்பந்தம் இருந்தால் அதுதான் ராஜா. இல்லையென்றால் விபத்துக்கு முன்னும் பின்னும் போன பயணங்களின் வரவு செலவு, அதிலிருந்து ஒரு சராசரி. கப்பல் எத்தனை நாள் நின்றது என்பதற்கு லாக் புக். இன்னொன்று, மொத்த வரவைக் கேட்க முடியாது. கப்பல் நின்றபோது எரியாத எண்ணெயைக் கழிக்கணும். நம்ம ஜெராக்ஸ் அண்ணனும் பேப்பர், டோனர் காசைக் கழித்துவிட்டுத்தான் பேசணும்!

இது வரைக்கும் நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்த கேஸ்தான் என்னைக் கடுப்பேற்றுவது.

கிரீஸ் நாட்டில் பட்ராஸ் துறைமுகம். அங்கே கட்டுமான வேலைக்கு ஒரு கம்பெனி ஒப்பந்தம் எடுத்திருந்தது. குறித்த காலத்துக்குள் முடிக்காவிட்டால் அபராதம். அவர்களிடம் இருந்தது 'லீஸ்போஷ்' என்ற தூர்வாரும் கப்பல். 4,000 பவுண்டுக்கு வாங்கி, மேலும் 2,000 செலவழித்து பட்ராஸ் கொண்டுவந்திருந்தார்கள். 1928 நவம்பரில் 'எடிசன்' என்ற நீராவிக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது லீஸ்போஷைக் கட்டியிருந்த கயிறுகளில் மாட்டிக்கொண்டு, அதையும் நடுக்கடலுக்கு இழுத்துப் போய்விட்டது. தண்ணீர் புகுந்து லீஸ்போஷ் காலி. தப்பு தங்களுடையதுதான் என்று எடிசன் தரப்பே ஒத்துக்கொண்டது.

வேறு ஒன்று வாங்கிப் போட்டு வேலையைத் தொடர வேண்டியதுதானே? அங்கேதான் பிரச்னை. கம்பெனியின் பணம் முழுக்க அந்த வேலையிலேயே முடங்கிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் 'ஆட்ரியா' என்ற இன்னொரு தூர்வாரும் கப்பலை அதிக வாடகைக்குப் பிடித்தார்கள். அது சைஸில் பெரிசு, ஓட்டுகிற செலவும் பெரிசு. பிறகு துறைமுக நிர்வாகமே அதை வாங்கி இவர்களுக்குத் தவணையில் கொடுத்தது. இந்தச் செலவு அத்தனைக்கும் காகிதம் இருந்தது. வாண்டர்பில்ட் கேஸ் மாதிரி 'வந்திருக்கும்' கதை இல்லை.

வழக்கு லண்டன் போய், படிப்படியாக ஏறி, 1933-ல் அன்றைய உச்ச அப்பீல் மன்றமான பிரபுக்கள் சபைக்கு வந்தது. தீர்ப்பு எழுதியவர் லார்ட் ரைட். அதே மாதிரி ஒரு கப்பலின் சந்தை விலை, அதை பட்ராஸ் கொண்டுவருகிற செலவு, மாற்றுக் கப்பல் நியாயமாகக் கிடைத்திருக்கக்கூடிய நாள் வரைக்கும் ஒப்பந்த வேலையில் ஏற்பட்ட நஷ்டம், வட்டி, இதெல்லாம் உண்டு. கையில் பணம் இல்லாததால் கூடிய செலவு? அது கிடையாது! அது எடிசன் செய்ததல்ல, உங்கள் ஏழ்மை செய்தது என்றார்.

யோசித்துப் பாருங்கள். கையில் காசு இருந்தவன் மறுநாளே மாற்றுக் கப்பல் வாங்கி முழு நஷ்ட ஈட்டோடு போய்விடுவான். இல்லாதவன் மூழ்குவதும் அவன் கப்பல், கடன்படுவதும் அவன் தலை. முதல் தடவை படித்தபோது 'என்னய்யா நியாயம் இது' என்றுதான் தோன்றியது. இத்தனைக்கும் கப்பலைக் கட்டிய இடத்திலேயே பத்திரமாக விட்டிருந்தால் கம்பெனிக்கு அந்த வாடகையும் இல்லை, தவணையும் இல்லை. ஆனால் எழுபது வருஷம் இந்த விதி சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. அடுத்தடுத்து வந்த நீதிபதிகள் நேராக மோதாமல், 'இந்த வழக்கு வேற' என்று ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

கடைசியில் அதைக் கவிழ்த்தது கப்பலே இல்லை, ஒரு பழைய கார்! வேலையில்லாத, உடம்புக்கு முடியாத ஒருவரின் கார் மோதலில் அடிபட்டது. மாற்றுக் காருக்குக் கையில் காசில்லை. அதனால் கூடுதல் கட்டணத்தில், கடனுக்குக் கார் தரும் கம்பெனியிடம் போனார். 2003 டிசம்பரில் அதே பிரபுக்கள் சபை, வேறு வழியில்லாதவனுக்கு அந்தக் கூடுதல் பணமும் உண்டு என்றது. அடிபட்டவன் எப்படி இருக்கிறானோ அப்படியே அவனை ஏற்கணும், காலி பர்ஸையும் சேர்த்து.

மூட் கோர்ட்டில் எதிரணி லீஸ்போஷின் அந்த ஏழ்மைப் பகுதியைத் தூக்கிக்கொண்டு வந்தால் பதறாதீர்கள். 'லாக்டன் எதிர் ஓ'கானர், 2003' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.