வட்டம் போட்டால் காற்று நிற்குமா?

கூடங்குளம் சுற்றுவட்டார ஊர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



கூடங்குளத்தில் 2 அணு உலைகள் ஓடுகின்றன. மூன்றாவதை ஓட்டுவதற்கான வேலைகள் நடக்கின்றன. எல்லாம் முடிந்தால் மொத்தம் 6 உலைகள். ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். ஏதாவது ஆகிவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டால் நமக்குத் தெரிந்த ஒரே பதில், உலையைச் சுற்றி 16 கி.மீ. ஆரமுள்ள வட்டம்.

வட்டத்தை நம்பியவர்கள் பட்டதைக் கேளுங்கள். ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தில், 2011 மார்ச் 12 அன்று 20 கி.மீ. வட்டத்துக்குள் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். நமியே ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் உலையிலிருந்து வடமேற்கே சுமார் 30 கி.மீ. தள்ளியிருந்த சுஷிமாவுக்குப் போய் ஒதுங்கினார்கள். மார்ச் 15 அன்று காற்று அதே வடமேற்கே திரும்பியது. மழையும் பனியும் சேர்ந்து கதிரியக்கத் துகள்களை மண்ணில் இறக்கின.

காற்று எங்கே போகும் என்று கணிக்கும் 'ஸ்பீடி' என்ற கணினி அமைப்பு ஜப்பானிடம் இருந்தது. காற்றின் வேகம், திசை, மழை, மலைமேடு எல்லாவற்றையும் வைத்து அது படம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தப் படம் மார்ச் 14 அன்றே அமெரிக்க ராணுவத்துக்குப் போனது. மக்களுக்கோ மார்ச் 23 அன்றுதான் காட்டினார்கள்! உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று தெரியவில்லை என்பது அதிகாரிகள் சொன்ன சாக்கு. அளவு தெரியாவிட்டால் என்ன, திசை தெரிந்ததே! வட்டத்துக்கு வெளியே கிடந்த இட்டாத்தே கிராமத்தை வெளியேற்றும் பகுதியாக அறிவிக்க ஏப்ரல் 22 ஆகிவிட்டது.

நம் காற்று நமக்குத் தெரியாததா? ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும். பகலில் கடற்காற்று ஊருக்குள் ஏறுகிறது. கன்னியாகுமரியும் உவரியும் 16 கி.மீ. வட்டத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. அதனால் காற்று அங்கே போகாதா?

வரும் ஆகஸ்ட் 15 கிராமசபையில் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கேளுங்கள்:

1. பருவம்தோறும் காற்றுக் கணிப்பு வரைபடம், தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில்.
2. விபத்து நேரத்தில் கணிப்பு வெளிவந்த உடனே ஊருக்கு அறிவிப்பு.
3. காற்றுத் திசைக்கு ஏற்ப மாற்று வெளியேறும் வழிகள்.

ரோடு கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம். இதைக் கேட்க மட்டும் நமக்கு வாய் வரவில்லை. இந்த முறையும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா திரும்பினால், நாளை "ஏன் மறைத்தீர்கள்?" என்று யாரையும் கேட்க நமக்கு யோக்கியதை இருக்காது.

இப்படிக்கு,
கூடங்குளம் வட்டாரக் கரையோர, உள்ளூர்ப் பொதுமக்கள்