போர்மட்டை மாற்றினால் பிறந்தநாள் திரும்புமா?

"கொம்பியூட்டரில் ஏத்தியாச்சு, இனிப் பிழை வராது." தோட்ட அலுவலகங்களில் இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். ஒரே நிரலில் திகதிகள் தாறுமாறாகக் கிடக்கின்றனவே என்று காட்டினால் அடுத்த வேதம் வரும்: "அது ஒண்ணுமில்ல, போர்மட்ட மாத்தினாச் சரி." முன்னது வெறும் அறியாமை, மன்னித்துவிடலாம். பின்னது விஷயம் தெரிந்தவர்போல் பேசும் அறியாமை. ஆளை வதைப்பது அதுதான்.

1975 மார்ச் 11இல் பிறந்த ஒரு கொழுந்துப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவேட்டில் கிளாக்கர் 11.3.75 என்று எழுதியிருப்பார். அது வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன வழக்கம், நாள்தான் முதலில். சிங்களத்தில் எழுதிய கடதாசியில் 1975.03.11 என்று வருடம் முதலில் நிற்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் காலம் தள்ளினார்கள். மூன்றாவதாக வந்ததுதான் வினை. அமெரிக்க அமைப்பைக்கூட மாற்றாமல் மேசையில் வைத்த கணினிக்கு மாதம்தான் முதலில். 11/03/1975 என்று தட்டியதும் அவளை நவம்பர் 3இல் பிறக்க வைத்துவிடும்.

25/03/1975 என்று தட்டினால்? இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லை. நியாயமாக நிறுத்திக் கேட்க வேண்டும். மைக்ரோசொப்ட் அக்சஸ் கேட்பதில்லை. தானாகவே 25ஐ நாளாக்கி, மார்ச்சைச் சரியாக எழுதிக்கொள்கிறது. இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஆபத்து. நாள் 12க்கு மேற்பட்டவை எல்லாம் சரி, 12க்குள் இருப்பவை தலைகீழ். ஜனவரி 1, பெப்ரவரி 2 போன்ற பன்னிரண்டு நாட்கள் தப்பிவிடும். அவற்றைக் கழித்தாலும் வருடத்தில் 132 நாட்கள் இடம் மாறும், மூன்றில் ஒன்றுக்கும் மேலே. மேலோட்டமாக நாலு வரியைப் பார்ப்பவர் கண்ணில் 25, 17, 30 என்று சரியானவை பட்டால் "எல்லாம் ஓகே" என்று கையெழுத்தாகிவிடும்.

இப்போது போர்மட்டை மாற்றுங்கள் பார்ப்போம். அக்சஸ் திகதியை எழுத்தாக வைத்திருப்பதில்லை. 1899 டிசம்பர் 30இலிருந்து எண்ணிய நாட்களின் தொகையாக வைத்திருக்கிறது. மார்ச் 11 என்றால் 27464. அது தப்பாக விளங்கிக்கொண்ட நவம்பர் 3க்கு 27701. போர்மட் என்பது அந்த எண்ணுக்கு உடுத்தும் சேலை. எந்தச் சேலை உடுத்தினாலும் உள்ளே இருப்பது 27701தான்.

எங்கள் பொல்பிட்டியவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க உவமை தேடி அலைய வேண்டியதில்லை. காசல்ரீ பக்கத்துக் கெஹெல்கமு ஓயாத் தண்ணீரும் மவுஸ்ஸாக்கலைப் பக்கத்து மஸ்கெலி ஓயாத் தண்ணீரும் லக்ஷபான குளத்தில் சேர்ந்துதான் இங்குள்ள மின்நிலையத்துக்கு வருகின்றன. 1969இல் அது 75 மெகாவாட்டோடு சுழலத் தொடங்கியது. சுழலியைவிட்டு வெளியேறும் தண்ணீரில் மஸ்கெலித் தண்ணீரை மட்டும் பிரித்துத் தா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு வழக்கத் திகதிகளை ஒரே நிரலில் கலந்துவிட்டு, போர்மட்டால் பிரிக்கலாம் என்று மட்டும் நம்புகிறோம்.

"நம்ம சனத்துக்குப் பிறந்த திகதியே தெரியாது, அதுதான் கோளாறு" என்று சமாளிப்பவர்களும் உண்டு. முதியவர்கள் சிலருக்கு வருடம் மட்டும்தான் தெரியும், மெய்தான். அதற்காக எக்செலில் திகதி நிரலுக்குள் 1947 என்று அடித்தால், அது 1905 ஏப்ரல் 30 என்று காட்டும். இதில் கிழவியின் குற்றம் எது?

பெண்ணுக்கு 50 வயதானதும் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கலாம். மார்ச் 11 நவம்பர் 3ஆனால் 237 நாட்கள் தள்ளிப்போகும். அதோடு அடையாள அட்டையும் அலுவலகப் பதிவும் முரண்படுகின்றன என்று சத்தியக் கடதாசி முடித்துவரச் சொல்வார்கள். பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, தான் செய்யாத பிழைக்கு அவளே சத்தியம் செய்ய வேண்டும்.

மாற்று வழி மேசையிலேயே கிடக்கிறது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். மார்ச் 11 என்றால் 75571 என்று தொடங்கும், நவம்பர் 3 என்றால் 75808. 2016இலிருந்து வரும் 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் முழுசாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: அட்டைக் கணக்கில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். அதை மறந்து சூத்திரம் போட்டால் மார்ச் 11 மார்ச் 12 ஆகிவிடும்.

ஆகவே கிளாக்கர் ஐயாமாரே, பதிவேட்டில் உள்ளதை உள்ளபடியே ஒரு எழுத்து நிரலில் முதலில் ஏற்றுங்கள். அதைத் தொடாதீர்கள். திகதி நிரலைப் பக்கத்தில் தனியாக வைத்து, அட்டை இலக்கத்தோடு ஒத்துவராத வரிக்கு ஒரு அடையாளம் போடுங்கள். சத்தியக் கடதாசி கொண்டுவா என்று சொல்வதற்கு முன், அவள் அட்டையை வாங்கி அந்த ஐந்து இலக்கத்தையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.