கைத்திறன் யாருடைய பிள்ளைக்கு?

சென்ற வாரம் தில்லியில் ஒரு கருத்தரங்கு. "எல்லோருக்கும் பட்டம் எதற்கு? நாட்டுக்குத் தேவை கைத்திறன்" என்றார் பேராசிரியர் ஒருவர். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. கைத்திறனை இகழ்பவன் அல்லேன். என் தந்தை ஐ.டி.ஐ.யில் பயின்ற ஃபிட்டர்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 தரும் எண்களையே அவரும் காட்டினார். 19 முதல் 24 வயதுள்ள தொழிலாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் இந்தியாவில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஜெர்மனியில் 75. சரி. ஆனால் ஜெர்மனியில் 'மைஸ்டர்' என்னும் தொழில்வல்லுநர் தகுதி, தேசியத் தகுதிச் சட்டகத்தில் இளநிலைப் பட்டத்துக்கு நிகரான ஆறாம் படியில் நிற்கிறது. அதைக் கொண்டு பல்கலைக்கழகத்தில் சேரவும் முடியும். (பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடும் அவர்களது வழக்கத்தை நான் போற்றவில்லை, அது வேறு வழக்கு.)

இங்கோ சட்டமே தரம் பிரிக்கிறது. தொழிற்பழகுநர் விதிகளின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 5000 ரூபாய், பட்டதாரிக்கு 9000. பழகும் தொழில் எது, அதில் தேர்ச்சி எவ்வளவு என்பதற்கு இக்கணக்கில் இடமில்லை. பள்ளிச் சான்றிதழே கைக்கும் விலை வைக்கிறது.

ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாமே என்பார்கள். சேரலாம். பெரும்பாலும் பகல் வகுப்பு; அந்நாட்களின் கூலியை யார் தருவார்? என் தந்தை மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த டிப்ளமோ இளைஞர்கள் மூன்றே ஆண்டுகளில் அவருக்கு மேற்பார்வையாளர்கள் ஆயினர். அவர் ஃபிட்டராகவே ஓய்வுபெற்றார்.

2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம் பதினெட்டுத் தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்பவழித் திறனைப் பேண வேண்டும் என்கிறது. பதினெட்டு வயது நிரம்பியோர்க்கே அது என்பதால், 1953இல் இராஜாஜி பள்ளி நேரத்தைச் சுருக்கிய திட்டத்தோடு அதை அப்படியே ஒப்பிடுவது நேர்மையாகாது. எனினும் 'குடும்பவழி' என்ற சொல்லைப் படித்ததும் தமிழ் மாணவன் ஏன் துணுக்குறுகிறான் என்பதை வடக்கே உள்ள நண்பர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கட்டும்.

பேராசிரியரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்பது நாகரிகமன்று. ஆகவே வேறொன்று கேட்டேன்: "நம் வளாகத்து மின்பணியாளர்களும் குழாய்ப் பணியாளர்களும் ஆண்டுக்கணக்காக ஒப்பந்தக் கூலிகள். அவர்களை நிரந்தரமாக்கக் கோரும் மனு என் பையில் இருக்கிறது. கையெழுத்திடுவீர்களா?"

தலைவர் தேநீர் இடைவேளையை அறிவித்தார்.