தகுதி நீக்கம் யாருக்கு?

நாலு விநாடி. நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் ரேஸே முடிந்துவிடும்.

அமெரிக்காவில் டிராக் ரேஸ் என்று ஒரு விளையாட்டு. வளைவு கிடையாது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேரான ஓடுபாதை. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். எல்லைக் கோட்டை முதலில் தொடுகிறவர் ஜெயித்தார். நைட்ரோமீத்தேன் குடிக்கும் பெரிய கார்கள் மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. நிறுத்துவதற்கு பிரேக் போதாது. பின்னால் பாராசூட் விரிய வேண்டும்.

இதை நடத்தும் பெரிய அமைப்பு நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன். அதன் விதிப் புத்தகம் ரொம்பக் கறார். பச்சைக்கு முன்னால் நகர்ந்தால் அவுட். நடுக்கோட்டைத் தாண்டினால் அவுட். பக்கச் சுவரில் உரசினால் அவுட். ஒருவர் அவசரப்பட்டுக் கிளம்பி, எதிராளி கோட்டைத் தாண்டிவிட்டால் அவசரக்காரருக்கு மன்னிப்பு. கோடு தாண்டுவதுதான் பெரிய குற்றம். எஞ்சினிலிருந்து எண்ணெய் கொட்டினால்கூட அபராதம் உண்டு, புள்ளியும் குறையும்.

நல்ல விதிகள்தான். தறிகெட்டுப் போகும் காரை, ‘எப்படியாவது ஜெயிச்சுடலாம்’ என்று மிதிக்கிறவர் பக்கத்துக்காரரையும் சேர்த்துக் கொன்றுவிடுவார். அவரை வெளியே அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கேள்வி வேறு. டிரைவர் தப்பு செய்தால் அடுத்த நொடி தண்டனை. ஓடுபாதை தப்பாக இருந்தால்?

2008 ஜூன் 21. நியூஜெர்சியில் இங்கிலீஷ்டவுன். தகுதிச் சுற்று. ஸ்காட் கலிட்டா, வயது 46, ரெண்டு முறை டாப் ஃப்யூயல் சாம்பியன். எல்லைக் கோட்டுக்கு அருகே எஞ்சின் வெடித்தது. பாராசூட் கைகொடுக்கவில்லை. கார் ஓடுபாதையின் கடைசிவரை போய், மணல் படுகையையும் தாண்டி மோதியது. கலிட்டா இறந்துபோனார்.

ரெண்டு வாரத்துக்குள் அமைப்பு விழித்துக்கொண்டது. நைட்ரோ கார்களுக்கு 1,320 அடியாக இருந்த பந்தய தூரம் 1,000 அடியானது. காரை நிறுத்த 320 அடி கூடுதலாகக் கிடைத்தது. எஞ்சின் வெடித்தால் தானாகவே எரிபொருளை நிறுத்தி, பாராசூட்டையும் விரித்துவிடும் கருவி அப்புறம் கட்டாயமானது. பாராட்டலாம். ஆனால், அந்த 320 அடி ஜூன் 20-ம் தேதியும் அங்கேதானே இருந்தது? அன்றைக்கு ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

‘ஆபத்து தெரிஞ்சுதானே ஓட்டறாங்க?’ என்பீர்கள். தெரிந்துதான். எஞ்சின் வெடிக்கலாம் என்பது டிரைவர் ஒப்புக்கொண்ட ஆபத்து. வெடித்த பிறகு நிற்க இடமில்லை என்றால், அது இடம் கொடுத்தவரின் பொறுப்பு. ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி டிரைவர் தலையில் வைக்கக் கூடாது.

2024 ஜூனில் வர்ஜீனியா. 16 முறை சாம்பியனான ஜான் ஃபோர்ஸுக்கு அப்போது வயது 75. ஒரு சுற்றை ஜெயித்த அதே நொடியில் எஞ்சின் வெடித்தது. கார் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் எதிர்ச் சுவரில் மோதியது. மூளையில் காயம். உயிர் பிழைத்தார். அந்தச் சுற்றின் வெற்றி மட்டும் அவர் பெயரில் இருக்கிறது. வெற்றி தோல்விக் கணக்கு எல்லைக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதுகிறவரே ஆடிட்டராகவும் இருக்கக் கூடாது என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். இங்கே போட்டி நடத்துவதும், விதி எழுதுவதும், விபத்துக்குப் பிறகு அதைத் திருத்துவதும் ஒரே கை. ஓடுபாதையையும், அதன் முடிவில் இருக்கும் மணலையும் வலையையும் சம்பந்தமில்லாத ஒருவர் வருஷா வருஷம் சோதிக்கட்டும். அறிக்கை டிக்கெட் வாங்குகிறவர் கைக்கும் வரட்டும். காரின் வேகத்துக்கு நிற்கும் இடம் போதவில்லையா? அந்த ஓடுபாதைக்குத் தகுதி நீக்கம். கோட்டைத் தாண்டிய டிரைவருக்குச் செய்வது போலவே, தயவு தாட்சண்யம் இல்லாமல்.

அடுத்த 320 அடியைக் கண்டுபிடிக்க இன்னொரு சாவு தேவைப்படக் கூடாது.