கதையில் மல்லாட்டை எழுதலாமா?

நம்ம பக்கம் மல்லாட்டை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மணிலாக்கொட்டைதான் பேச்சில் அப்படி ஆச்சு. ஆனால் கதை எழுத உட்கார்ந்தால் மட்டும் 'நிலக்கடலை' என்கிறோம். ஏன்? வகுப்பில் சிரிப்பார்கள், சிவப்பு மையில் வட்டம் போடுவார்கள் என்ற பயம்தானே!

பக்கத்து விருத்தாசலம் பகுதிப் பேச்சில்தான் இமையம் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' நாவலை எழுதினார். பிறகு 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். கி.ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி ஒரு அகராதியே போட்டார்.

பரீட்சையில் பாடநூல் தமிழ்தான் வேணும், மறுக்கவில்லை. ஆனால் கதையில் ஆயா பேசினால் ஆயா மாதிரியே பேசட்டும். 'அட, இது நம்ம வூட்டுப் பேச்சு!' என்று படிக்கிறவங்க மகிழ்வாங்க. கவலை இறைப்பு நின்றதும் அதன் சொற்கள் பாதி மறந்துபோச்சு. மீதியையாவது நாம் எழுதி வைப்போம்!